மே மாதத்தில் யார் தண்ணீர் ஊற்றுவது?

பள்ளித் தோட்டம் என்பது பள்ளி வளாகத்துக்குள் ஆசிரியர்களும் பெற்றோரும் மாணவர்களும் சேர்ந்து வளர்க்கும் காய்கறி, கீரை, மூலிகைத் தோட்டம். அதில் விளைவது சத்துணவுக் கூடத்துக்குப் போகும். தோட்டத்தில் நடப்பது வகுப்பில் பாடமாகும். தலைமையாசிரியர் அறை வாசலில் வரிசை கட்டி நிற்கும் குரோட்டன்ஸ் தொட்டிகளுக்கு இந்தப் பெயர் பொருந்தாது.

தமிழ்நாட்டில் இந்தத் தோட்டத்துக்கு ஒரு பிறவிச் சிக்கல் உண்டு. பள்ளிக்கு ஒரு நாள்காட்டி, செடிக்கு வேறொரு நாள்காட்டி. பள்ளி ஜூனில் திறந்து ஏப்ரலில் மூடுகிறது. செங்கல்பட்டு மாவட்டத்தில் மழையின் பெரும்பகுதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். அக்னி நட்சத்திரம் சுடும் மே மாதத்தில் வளாகத்தில் ஆளே இருக்காது. ஆர்வமுள்ள ஆசிரியர் ஒருவர் தனியாகத் தொடங்கும் தோட்டம் பெரும்பாலும் அந்த மாதத்தில்தான் காய்ந்துபோகிறது. அவருக்கு மாறுதல் வந்துவிட்டால் அதற்கும் முன்பே முடிந்துவிடும். பெற்றோரின் பங்கு தேவைப்படுவது முதன்மையாக இந்த இடைவெளியை அடைக்கத்தான். தொடக்க விழாவில் மரக்கன்றைப் பிடித்துக்கொண்டு படமெடுக்க நிற்பவர்களுக்கு எந்த ஊரிலும் பஞ்சமில்லை.

மண்வெட்டி பிடிப்பதும் கல்விதான் என்ற எண்ணம் இங்கே புதிதல்ல. 1937-இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வியில் நூற்பும் நெசவும் போலத் தோட்ட வேலையும் பாடத்தின் பகுதியாக இருந்தது. கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கையில், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கிராமப் பள்ளிகளில் தோட்டம் போடும் திட்டம் நடந்தது. வெளியுலகில் அதிகம் பேசப்படும் உதாரணம் அமெரிக்காவின் பெர்க்லி நகரில் இருக்கிறது. சமையல் கலைஞர் ஆலிஸ் வாட்டர்ஸ் 1995-இல் அங்குள்ள நடுநிலைப் பள்ளி ஒன்றில், தார் போட்ட வெற்று நிலத்தைப் பெயர்த்துத் தோட்டமாக்கும் வேலையைத் தொடங்கினார். பக்கத்திலேயே மாணவர்கள் சமைத்துப் பார்க்க ஒரு சமையலறையும் அமைந்தது.

ஆனால் ஊரும் பள்ளியும் கைகோத்ததற்கு உதாரணம் தேடிப் பெர்க்லி வரை போக வேண்டியதில்லை. பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் (இன்று அது திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது) 1958-இல் முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடந்தது. காமராசர் ஆட்சியில் கல்வித் துறையின் இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலுவின் முயற்சி அது. அவரும் அந்தப் பழைய மாவட்டத்து நெய்யாடுபாக்கத்தில் பிறந்தவர். பள்ளிக்கு என்ன குறை என்று ஊரார் கூடிப் பட்டியல் போட்டார்கள். கடிகாரம், கரும்பலகை, பெஞ்சு முதல் கட்டடமும் நிலமும் வரை தங்களால் முடிந்ததைக் கொடுத்தார்கள். 1956-இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டமும் இப்படி ஊராரின் பிடியரிசியையும் காய்கறியையும் நம்பியே வளர்ந்தது. கடம்பத்தூரிலிருந்து அந்த மாநாடுகள் மாநிலம் முழுவதும் பரவின. பின்னர் அந்த வேகம் தணிந்துவிட்டது. அரசே எல்லாம் தரும் என்ற நிலை வந்ததும் ஊரார் ஒதுங்கிக்கொண்டது இயல்புதான், ஆனாலும் நட்டம்தான்.

இன்று ஊரார் பங்கெடுப்பதற்கான சட்ட ஏற்பாடு பள்ளி மேலாண்மைக் குழு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின்படி அதில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022-இல் இக்குழுக்கள் 20 பேரோடு புதிதாக அமைக்கப்பட்டன. 2024-இல் முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்து 24 பேராயின. 2019-இல் ஒன்றிய கல்வித் துறை பள்ளி ஊட்டச்சத்துத் தோட்டத்துக்கென வழிகாட்டி நெறிமுறைகளை வெளியிட்டது. நிலமில்லாத பள்ளிகள் மொட்டை மாடியிலும் தொட்டியிலும் பையிலும்கூட வளர்க்கலாம் என்று அது சொல்கிறது. ஆக, தோட்டம் போடுவோம் என்று குழுக் கூட்டத்தில் தீர்மானம் போடுவது எளிது. கூட்டப் பதிவேட்டில் ஒரு வரி போதும். கடினம் எல்லாம் அதற்குப் பிறகு தொடங்குகிறது.

முதல் கடினம் மண். 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்த செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரே மண் கிடையாது. செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் பக்கம் பாறைக் குன்றுகளை ஒட்டிய செம்மண். கடப்பாரை போட்டால் கல்லில் மோதி நங்கென்று சத்தம் கேட்கும். மதுராந்தகம் பக்கம் ஏரிப் பாசனத்து வயல் மண். கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வழியாகச் சதுரங்கப்பட்டினம் வரை கடற்கரை மணல். மண்ணை அறிய எளிய சோதனை உண்டு. ஒரு கைப்பிடி மண்ணை நனைத்து இறுக்கி உருட்ட வேண்டும். கொழுக்கட்டை போல உருண்டு, விரலால் தட்டியதும் உதிர்ந்தால் நல்ல மண். உருண்டை அப்படியே களிமண் பொம்மை போல நின்றால் நீர் வடியாது. கடற்கரைப் பள்ளியில் இந்தச் சோதனைக்கே வேலையில்லை. விரலிடுக்கில் மணல் நழுவி ஓடிவிடும். ஊற்றிய தண்ணீரும் அப்படித்தான் ஓடும், உரமும் அதோடு போகும்.

மணலுக்கு மருந்து ஏரி வண்டலும் மக்கிய தொழு உரமும். அனுமதி பெற்று எடுக்கும் வண்டலை ஒரு டிராக்டர் கொண்டுவந்து கொட்ட ஏதேனும் ஒரு குடும்பம் முன்வந்தால், அது பணமாகத் தரும் நன்கொடையைவிட மேல். முழு இடத்திலும் பரப்பினால் வண்டல் வீணாகும். பாத்திகளில் மட்டும் ஒரு சாண் ஆழத்துக்குக் கலந்தால் போதும். கடற்கரையில் இன்னொரு தொல்லை உப்பு. 2004 டிசம்பர் 26 சுனாமியில் இக்கரையின் பல இடங்களில் கடல்நீர் ஏறி நின்றது. நல்ல மழை பெய்தால் மணலில் உப்பு கழுவப்பட்டு இறங்கிவிடும். ஆழ்குழாயில் வரும் உப்பு நீரை நாள்தோறும் ஊற்றினால் அதுவே மறுபடி சேர்ந்துவிடும். தோட்டம் போடும் முன் குழாய்த் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்ப்பதும், பின்னர் கட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையம் போன்ற இடங்களில் ஆய்வுக்கு வழி கேட்பதும் இரண்டு வருட ஏமாற்றத்தைத் தவிர்க்கும்.

தண்ணீர்க் கணக்கை முதல் கூட்டத்திலேயே கரும்பலகையில் போட்டுவிடுவது நல்லது. வெயில் காலத்தில் ஒரு சதுர மீட்டர் பாத்திக்கு நாளொன்றுக்குச் சுமார் 5 லிட்டர் வேண்டும். 40 சதுர மீட்டருக்கு 200 லிட்டர், அதாவது பத்து லிட்டர் வாளியில் 20 வாளி. மே மாதத்தின் 31 நாளுக்கு 6,200 லிட்டர். இந்தக் கணக்கைப் பார்த்ததும் பத்துப் பாத்தி என்று பேசியவர்கள் நாலு பாத்திக்கு இறங்கி வருவார்கள், அதுதான் வேண்டும். சருகு, வைக்கோல், தென்னை நார்க்கழிவு என்று எதையாவது மூடாக்காகப் போட்டால் செலவு நன்றாகக் குறையும். பிள்ளைகள் கைகழுவும் இடத்திலிருந்து சிறு வாய்க்கால் வெட்டி வாழைக்கு விட்டால், பள்ளி நடக்கும் நாட்களில் வாழைக்குத் தனியாக ஊற்றவே வேண்டாம். தண்ணீரைத் தொட்டியில் சேமிப்பவர்கள் மூடி போட மறக்கக் கூடாது. திறந்த தொட்டியில் டெங்கு கொசு முட்டையிட்டால் பழி தோட்டத்தின் மேல்தான் விழும்.

அடுத்தது வேலி. செடி முளைக்கும் வரை யாரும் வேலியைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. ஒரே ஒரு ஆடு ஒரே ஒரு சனிக்கிழமை உள்ளே வந்தால் மூன்று மாத உழைப்பு போயிற்று. உயிர்வேலிக்கு ஆடாதொடையும் நொச்சியும் ஏற்றவை. ஆடு தொடாத இலை என்பதாலேயே ஆடாதொடைக்கு அந்தப் பெயர் என்பார்கள். இரண்டும் போத்து ஒடித்து நட்டாலே வேர்விடும், சளி இருமலுக்கு மருந்தாகவும் உதவும். அவை அடர்ந்து வளர ஒரு வருடமாவது ஆகும். அதுவரை மீனவக் குப்பங்களில் கைவசம் இருப்பது பழைய வலை. குச்சி நட்டு வலை கட்டினால் ஆடு வராது, அவரைக் கொடி ஏறவும் பந்தல் கிடைக்கும். வலையைத் தரையோடு தொங்கவிட்டால் மட்டும் பாம்பும் ஓணானும் சிக்கிக்கொள்ளும்; ஒரு சாண் மேலே தூக்கிக் கட்டி, கீழே முள்ளை நெருக்கி வைப்பது நல்லது.

இனி பட்டம். ஆடிப் பட்டம் தேடி விதை என்பது ஊரறிந்த பழமொழி. பள்ளித் தோட்டத்துக்கும் அது அப்படியே பொருந்துகிறது. ஜூனில் பள்ளி திறந்து, சேர்க்கையும் புத்தக விநியோகமும் ஓய்ந்து, ஜூலை நடுவில் ஆடி பிறக்கும்போது பாத்தி தயாராக இருக்கும். ஜூலை, ஆகஸ்டில் மாலை நேரத்து இடிமழை அவ்வப்போது கை கொடுக்கும். வெண்டை, கொத்தவரை, அவரை அப்போது போட வேண்டியவை. வெண்டை 45 நாளில் காய்க்கத் தொடங்கும். அவரை அவசரப்படாது. மார்கழிப் பனி இறங்கிய பிறகே பூத்துக் குலுங்கும். ஒரே நாளில் விதைத்த இரண்டு செடிகள் ஏன் இப்படி என்று மாணவர் கேட்டால், அன்றைய அறிவியல் வகுப்பு அங்கேயே தொடங்கிவிட்டது என்று பொருள்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் புது விதைப்பு வேண்டாம். பாத்திகளைச் சுற்றுத் தரையைவிட முக்கால் அடி உயர்த்திய மேட்டுப்பாத்திகளாக வைத்திருந்தால்தான் நிற்கிற செடியின் வேர் அழுகாமல் தப்பும். அந்த நாட்களில் தாழ்வாரத்தில் தட்டுகளில் கத்தரி, மிளகாய், தக்காளி நாற்று விடலாம். மழை ஓய்ந்ததும் நட்டால் மாசி, பங்குனியில் காய் கிடைக்கும்.

சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்றது கீரை. காத்திருக்கச் சொல்லாத பயிர் அது. சிறுகீரை 25 நாளில் பறிப்புக்கு வந்துவிடும். அரைக்கீரையை ஒரு முறை விதைத்தால் அறுக்க அறுக்கத் துளிர்க்கும். விதை கடுகைவிடச் சிறியது, கருப்பாக மினுங்கும். அப்படியே தூவினால் ஒரே இடத்தில் கொட்டிப் போகும். ஒரு பங்கு விதைக்கு நாலைந்து பங்கு மணல் கலந்து, கோலம் போடுவது போலக் கையை அசைத்துத் தூவ வேண்டும். மறுநாள் காலை பார்த்தால் எறும்பு சாரைசாரையாக விதையைத் தூக்கிக்கொண்டு போகும். பாத்தி ஓரத்தில் ஒரு பிடி ரவையோ நொய்யரிசியோ தூவிவிட்டால் எறும்புக்கு அது போதும், விதை தப்பும். இதெல்லாம் எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் இருக்காது. வாசலில் கோலமும் கொல்லையில் கீரையும் போட்டுப் பழகிய ஒரு தாய்க்குத் தெரியும்.

பெற்றோரை ஆள்பலமாக மட்டும் எண்ணும் பள்ளிகள் இழப்பது இதைத்தான். பாலாற்றங்கரை ஊர்களில் விவசாயக் கூலி வேலைக்குப் போகும் பெண்களுக்குப் பாத்தி கட்டுவது கைவந்த கலை. மாமல்லபுரத்துச் சிற்பக்கூடங்களில் மிஞ்சும் கருங்கல் துண்டுகள் பாத்திக்கு அழியாத வரப்பாகும். இந்த மாவட்டத்தில் பரவலாக வாழும் இருளர் குடும்பங்களுக்கு மூலிகையும் பாம்பும் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இன்றும் நஞ்சுமுறிவு மருந்துக்கான பாம்பு நஞ்சை எடுத்துத் தருகிறது. தண்டரையில் இருளர் பெண்களின் அமைப்பு ஒன்று மூலிகைத் தோட்டம் வளர்க்கிறது. மக்கு உரக் குவியலை வகுப்புச் சுவரை ஒட்டிப் போடக் கூடாது, சருகைக் கையால் அள்ளாமல் முதலில் குச்சியால் கிளற வேண்டும் என்று ஓர் இருளர் தந்தை வந்து சொன்னால் பிள்ளைகள் கேட்கும் விதமே வேறு. கூட்டங்களில் கடைசி வரிசையில் உட்காரும் அந்தத் தந்தை அன்று முன்னால் நிற்பார். அவர் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது எந்த மதிப்பெண் பட்டியலிலும் ஏறாது.

கடற்கரைப் பள்ளிக்கு உரம் காசில்லாமல் கிடைக்கும். மீன் விற்கும் பெண்களிடம் செவுளும் குடலும் கழிவாக மிஞ்சுகின்றன. அதற்குச் சம எடை வெல்லத்தைத் தட்டிப் போட்டு, வாய் இறுகிய பிளாஸ்டிக் வாளியில் மூன்று வாரம் நிழலில் வைத்தால் மீன் அமிலம். முதல் சில நாட்கள் மூடியைத் திறக்கவே யாரும் முன்வர மாட்டார்கள். 21ஆம் நாள் திறந்தால் மீன் வாடை போய்ப் பழம் புளித்த வாசம் வரும், மேலே தேன் நிறத்தில் திரவம் நிற்கும். அதை வடிகட்டி, 10 லிட்டர் தண்ணீருக்கு 100 மில்லி கலந்து செடிக்குத் தெளிப்பார்கள். பூனைகளுக்கு எட்டாமல் வைப்பது தனி வேலை. உள்நாட்டுப் பள்ளிகளுக்கு இதே பாடம் வேடந்தாங்கலில் இருக்கிறது. பறவைகளின் எச்சம் கரைந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமாவதால்தான் அந்த ஊர் விவசாயிகள் தலைமுறைகளாகப் பறவைகளைக் காத்துவருகிறார்கள்.

வேலைப் பங்கீட்டில் ஒரு விஷயத்தைக் கறாராக வைக்க வேண்டும். தாமதமாக வந்தவனுக்கும் வீட்டுப்பாடம் எழுதாதவனுக்கும் தண்டனையாகத் தண்ணீர் ஊற்றும் வேலை கொடுத்தால், தோட்டம் அன்றோடு வெறுப்பாகிவிடும். சில பிள்ளைகளுக்கு மட்டும் மண்ணும் சாணமும், சிலருக்குப் பெயர்ப்பலகை எழுதுவது என்று பிரித்தால் அது இன்னும் கேடு. அந்தப் பிரிவினைக்கு ஊரில் ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது. பெயர் வரிசைப்படி, ஆண் பெண் பேதமின்றி, எல்லா வேலையும் எல்லோருக்கும் சுழன்று வர வேண்டும். ஆசிரியரும் அந்தச் சுழற்சியில் இருந்தால் பேச்சுக்கே இடமிருக்காது.

விளைச்சல் எவ்வளவு? இதில் மிகைப்படுத்தல் அதிகம். மதிய உணவுத் திட்ட அளவுகளின்படி தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 50 கிராம், நடுநிலைப் பிள்ளைக்கு 75 கிராம் காய்கறி. 60 பிள்ளைகள் சாப்பிடும் தொடக்கப் பள்ளிக்கு நாளுக்கு 3 கிலோ, 20 வேலை நாளுக்கு 60 கிலோ. ஒரு சதுர மீட்டரில் ஒரு கிலோ கீரை என்று வைத்தால், 40 சதுர மீட்டர் முழுவதும் கீரையே போட்டாலும் ஓர் அறுப்புக்கு 40 கிலோ. மாதம் முழுக்கக் கீரையே தின்னும் பிள்ளை உலகத்தில் இல்லை. எனவே தோட்டம் சத்துணவுக் கூடத்தின் காய்கறிச் செலவை முழுதாக ஏற்காது. வாரம் இரண்டு நாள் கீரையும், நாள்தோறும் பறித்த பச்சையோடு கறிவேப்பிலையும், அவ்வப்போது முருங்கைக் கீரையும் தரும். கீரையை ஒதுக்கும் பிள்ளை தான் விதைத்ததை ஒதுக்குவதில்லை என்பதைச் சமையலர்கள் பலரும் கவனித்திருப்பார்கள். பறித்ததை எடைபோட்டு, சத்துணவு அமைப்பாளரிடம் கொடுத்து, ஒரு நோட்டில் எழுதிவைத்தால் கணக்கும் சுத்தமாக இருக்கும், நான்காம் வகுப்புக்கு எடைப் பாடமும் முடிந்துவிடும்.

கடைசியில் மே மாதம். அதைச் சமாளிக்க மார்ச்சிலேயே திட்டம் வேண்டும். ஏப்ரலில் தேர்வு முடியும் முன் ஒருபருவப் பயிர்களை அறுத்து முடித்து, பாத்தியைச் சருகால் மூடிவிடலாம். காய்ந்த வெண்டைக்காயையும் அவரை நெற்றையும் விதைக்கு எடுத்து, சாம்பலில் புரட்டிப் புட்டியில் அடைத்துப் பெயர் ஒட்டிவிட்டால், ஆடிக்கு விதை வாங்கும் செலவு மிச்சம். மே மாதத்தில் தண்ணீர் கேட்பவை முருங்கை, கறிவேப்பிலை, வாழை, பப்பாளி, உயிர்வேலி மட்டும். பெரியகுளம் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட பி.கே.எம்.1 போன்ற விதை முருங்கை ஒரு மழைக்காலம் வேர் பிடித்துவிட்டால், வாரம் இருமுறை ஊற்றினாலே கோடையைத் தாண்டும். கன்றுகளின் பக்கத்தில் அடியில் சிறு ஓட்டையிட்ட மண்பானையைப் புதைத்து, ஓட்டையில் துணித்திரி செருகி, நிரப்பி மூடி வைத்தால் நீர் மெல்லக் கசியும்.

யார் ஊற்றுவது என்பதில் வீட்டுக்கு வீடு நிலைமை வேறு. கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை உண்டு. அது விசைப்படகுகளுக்கு. இக்கரையின் குப்பங்களில் ஃபைபர் படகுகளே மிகுதி என்பதால், தடைக்காலத்தில் தந்தைமார் சும்மா இருப்பார்கள் என்று கணக்குப் போட முடியாது. விடியுமுன் கடலுக்குப் போய் முற்பகலில் திரும்புகிறவர்களுக்கு மாலை நேரம் கைக்கு வரும். மீன் விற்கப் போகும் தாய்மாருக்கு அதுவும் இல்லை. மறைமலைநகர்ப் பக்கம் தொழிற்சாலை ஷிப்டுக்குப் போகும் பெற்றோருக்கு ஞாயிறு மட்டும். ஊரக வேலைத் திட்டப் பணி நடக்கும் ஊர்களில் பிற்பகல் ஓய்வாக இருக்கும். இவற்றைக் கேட்டறிந்து, ஒரு குடும்பத்துக்கு மாதத்தில் இரண்டு நாளுக்கு மேல் வராதபடி 16 குடும்பங்களின் பெயரை அட்டையில் எழுதி, வாயிற்கதவின் உட்புறம் மாட்டிவிட்டால் போதும்.

மீதியிருப்பது சாவி. பள்ளிச் சாவியை வெளியாளிடம் தரத் தலைமையாசிரியர் தயங்குவது நியாயமே. உள்ளே கணினியும் பதிவேடுகளும் இருக்கின்றன. அதனால் வகுப்பறைச் சாவிகளைத் தனியாக வைத்துக்கொண்டு, சுற்றுச்சுவர்க் கதவுக்கு மட்டும் ஒரு பூட்டு போட்டு, அதன் இரண்டாம் சாவியைக் குழுத் தலைவரான பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிடலாம். ஊற்றி முடித்தவர் அட்டையில் தன் பெயருக்கு நேரே கோடு போட்டு, சாவியை அடுத்த வீட்டில் கொடுத்துவிட்டுப் போவார். ஜூனில் பள்ளி திறக்கும் காலை, அட்டையில் 31 கோடுகளில் எத்தனை விழுந்திருக்கின்றன என்று எண்ணுவதே புது வகுப்பின் முதல் கணக்கு.